எக்ஸெலில் ஓர் இலங்கைப் பயணம்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை சுமார் 65 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். கொடைக்கானல் சுமார் 95 கிலோமீட்டர். ஆனால் மூன்று மணி நேரம் பிடிக்கும். தூரத்தை வைத்து மட்டும் நேரம் சொல்ல முடியாது என்பது நம்மூர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். அப்பா, அம்மாவை இலங்கைக்கு அழைத்துச் செல்லத் திட்டம் போட்டபோது நான்தான் இதை மறந்துவிட்டேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, டிரைவருடன் கார் வாடகைக்கு எடுத்து, அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா, கண்டி பார்த்துத் திரும்புவது எங்கள் திட்டம். முதல் மூன்று ஊர்களும் 1982இலும், கண்டி 1988இலும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. மொத்தத் தூரம் சுமார் 530 கிலோமீட்டர்.

எக்ஸெலில் புதிய ஷீட் ஒன்றைத் திறந்து ஊர், தூரம், பயண நேரம், பார்க்கும் நேரம் என நான்கு நெட்டு வரிசைகள் அமைக்கவும். பயண நேரத்திற்கு, தூரம் உள்ள செல்லை 35ஆல் வகுத்து, மீண்டும் 24ஆல் வகுக்க பார்முலா தரவும். 35 என்பது மணிக்கு நான் எடுத்துக்கொண்ட வேகம். மேப் காட்டும் நேரத்தில் டீக்கடையும் அம்மாவின் முழங்கால் வலியும் சேராதே! எக்ஸெல் ஒரு நாளை 1 எனக் கணக்கிடுவதால்தான் 24ஆல் வகுக்கிறோம். அனுராதபுரம் வரையிலான 170 கிலோமீட்டருக்கு 4:51 எனக் கிடைக்கும். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் கூட்டிக் கழிக்கும் வேலை இல்லை.

இங்கே ஒரு தவறு செய்தேன். பயணம் 15 மணி 8 நிமிடம், பார்ப்பதற்கு 20 மணி. கூட்டினால் 11:08 என்று வந்தது. வழக்கமான நேர பார்மட் 24 மணியைத் தாண்டியதும் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். அந்த செல்லில் ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ், கஸ்டம் சென்று, எச் என்ற எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் தந்து, முக்காற்புள்ளி இட்டு, இரண்டு எம் டைப் செய்திடவும். 35:08 என்ற சரியான விடை கிடைக்கும். 11 மணி நேரத்தை நம்பி, இரண்டே நாளில் திரும்ப டிக்கெட் போட இருந்தேன்.

அடுத்து இடத்தின் பெயர். பொலன்னறுவையில் அம்மா பார்க்க விரும்பியது வானவன்மாதேவி ஈஸ்வரம் என்ற சோழர் காலச் சிவன் கோயில். அங்கே இது இரண்டாம் எண் சிவ தேவாலயம் எனப்படுகிறது. ஒன்றாம் எண் வேறு கோயில், பிற்காலத்தது. எனவே பெயரை மட்டும் டிரைவரிடம் சொல்லாமல், கூகுள் மேப்ஸில் சரியான இடத்தின்மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். மேலே தெரியும் அட்ச, தீர்க்க ரேகை எண்களைக் கிளிக் செய்தால் காப்பி ஆகும். அதை ஷீட்டில் ஒட்டி வைக்கவும். போனில் ஆஃப்லைன் மேப்பையும் வீட்டிலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள்.

தேதி போடும் முன் பௌர்ணமி நாளைப் பாருங்கள். இலங்கையில் அது போயா விடுமுறை. அனுராதபுரத்தில் கூட்டம் அலைமோதும்.

சிகிரியாவில் சுமார் 1,200 படிகள். எந்த பார்முலாவும் இதற்கு உதவாது என்பதால், ஒரு ஞாயிறு காலை அம்மாவை நம்மூர் மலைக்கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். பாதி ஏறியதும் உட்கார்ந்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கப்பா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். வீட்டுக்கு வந்ததும் சிகிரியா வரியை இரண்டாகப் பிரித்தேன். அப்பாவும் நானும் காலையில் திறந்தவுடன் மேலே. அம்மா கீழே தோட்டத்திலும் மியூசியத்திலும். மிச்சமான ஒரு மணி நேரத்தைப் பொலன்னறுவைச் சிவன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்பாவுக்கு போனில் படிப்பது பிடிக்காது. எழுத்தளவை 16 ஆக்கி, பக்கத்தை லேண்ட்ஸ்கேப்பில் வைத்து, ஒரே தாளில் அடங்கும்படி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டுடன் மடித்து வைத்திருக்கிறார்.