சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

"சிங்கப்பூர் எவ்வளவு தூரம்டா?" என்று என் ஆயா அடிக்கடி கேட்பார். ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தே காலம் கழித்தவர். என் அண்ணனுக்கு அங்கே கப்பல் பட்டறையில் வேலை. 2022இல் நான் இளங்கலை முதலாண்டு புவியியல் மாணவன்; கணக்கிட்டே சொல்லிவிடத் துணிந்தேன்.

தட்டையான நிலப்படத்தில் அளவுகோல் வைத்து அளப்பது முறையன்று. புவிக்கோளத்தின்மேல் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுகப் பிடிக்க வேண்டும். நூல் செல்லும் வழியே மிகக் குறுகியது. அதைப் பெருவட்ட வழி என்பர். (சென்னைக்கும் நியூயார்க்கிற்கும் நூல் பிடித்துப் பாருங்கள். அது வடதுருவப் பக்கமாக ஏறி இறங்குவது வியப்பளிக்கும்.) சென்னை, சாங்கி விமான நிலையங்களின் அட்ச தீர்க்கங்களைக் கோள முக்கோணச் சூத்திரத்தில் இட்டால், இடைக்கோணம் ஏறக்குறைய 26 பாகை 18 கலை, அதாவது 1,578 கலை. ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆக, தூரம் சுமார் 2,920 கிலோமீட்டர். விமானத்திற்கு நான்கு மணி நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. ஆகவே அங்கே பகல் 11 மணிக்குப் புறப்படுபவர் சென்னையில் 12.30க்கு இறங்குவார்.

"நாலு மணி நேரந்தான் ஆயா" என்றேன்.

"அப்ப காத்தால பொறப்பட்டா பொழுதோட வந்துருவான்" என்றார்.

அவ்வாண்டு ஜூலையில் ஆயா படுக்கையில் விழுந்தார். செய்தி கேட்டு அண்ணன் மறுநாளே 11 மணி விமானத்தில் ஏறினார். அன்று மாலை முழுதும் ஆயாவின் கண் வாசலிலேயே இருந்தது. அண்ணனோ சோதனைகள் முடிந்து வெளியே வரவே பிற்பகல் 2 மணி. சேலத்திற்கு 2018 மார்ச்சில் தொடங்கிய விமான சேவை 2021இல் நின்றுபோயிருந்தது. பேருந்தில் வந்து சேலத்தில் இறங்கும்போது இரவு 10 மணி. மலைக்குப் பேருந்து இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அந்நேரத்தில் ஏறிவர வாடகைக் கார்க்காரர் எவரும் இசையவில்லை. பேருந்து நிலையத்தில் அமர்ந்து மலைமேல் தெரிந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார். சேலத்திலிருந்து ஏற்காடு நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர். சாலை வழியே அதுபோல் இருமடங்கு.

காலை ஏழரைக்கு வீடு வந்தார். ஆயா நான்கு மணிக்கே கண்ணை மூடிவிட்டார்.

காரியங்கள் முடிந்தபின் ஒரு நாள் கணக்கை மீண்டும் போட்டேன். 2,920 கிலோமீட்டருக்கு நான்கு மணி. எஞ்சிய ஏறக்குறைய 380 கிலோமீட்டருக்குப் பத்தொன்பது மணி. சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். என் முதல் கணக்கில் எண்பிழை ஏதுமில்லை. ஆயா கேட்டது சாங்கியிலிருந்து சென்னைக்கு உள்ள தூரத்தை அன்று என்பதைத்தான் நான் கவனிக்கவில்லை.

2023 அக்டோபரில் சென்னை–சேலம் விமானம் மீண்டும் தொடங்கியது. நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். ஏறக்குறைய ஒரு மணிப் பயணம். அதிலும் அண்ணன் ஒருமுறை வந்தார். அடிவாரத்திலிருந்து வீடுவரை மட்டும் நேரம் பழையபடியேதான் ஆயிற்று.