பலகையும் பட்டியலும்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் மொழி. ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டுமென்றால், காசு கொடுத்து வாங்கிய பலகையை அறுப்பதற்கு அளவு வேண்டாமா? அறுத்த மரம் மீண்டும் வளராது. ஆதலின், ரம்பம் பலகையைத் தொடுமுன் கணக்கு முடிந்திருக்க வேண்டும். எந்தத் துண்டு, எத்தனை, என்ன அளவு என்று அக்கணக்கைத் தாளில் எழுதினால் அதுவே அறுப்புப் பட்டியல். இன்று அப்பட்டியலைக் கணிப்பொறியே எடுத்துத் தருகிறது. அஃது எவ்வாறு எடுக்கிறது, அதில் எதை நம்பலாம், எதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பனவற்றை ஒரு சிறு எடுத்துக்காட்டால் விளக்க முயல்கிறேன்.

எடுத்துக்காட்டு தொலைவில் இல்லை. மயூர் விஹாரில் நாங்கள் நால்வர் குடியிருக்கும் வீட்டில், படிப்பு முடிந்து ஊர் திரும்பிய மாணவர்கள் விட்டுச்சென்ற தமிழ் நூல்கள் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. மழைக்காலத்தில் தரையில் கிடக்கும் பெட்டிக்குள் ஈரமும் கரையானும் நுழைய நெடுநாள் ஆகாது. அலமாரி ஒன்று செய்வதென்று பணம் சேர்த்தோம். சேர்ந்த தொகை 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை ஒன்றுக்கும், ஆணிக்கும், தச்சர் கூலிக்கும் சரியாக இருந்தது. இரண்டாம் பலகைக்கு வழியில்லை. கடையிலோ பாதிப் பலகை கொடுப்பதில்லை. கீர்த்தி நகருக்கு நீலத் தட மெட்ரோவில் நாம் போகலாம். எட்டடிப் பலகை மெட்ரோவில் வராது. துண்டு ஒன்று குறைந்தாலும் யமுனையைக் கடந்து மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். ஒரே பலகையில் அலமாரி முடியுமா என்பதே எங்கள் கேள்வி.

பட்டியல் பிறக்கும் விதம்

மரவேலைக்குப் பயன்படும் வரைவு மென்பொருள்களுள் ஸ்கெட்ச்அப் பலரும் அறிந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்து, சில ஆண்டுகள் கூகுளிடம் இருந்து, 2012இல் டிரிம்பிள் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. கணிப்பொறியில் நிறுவிய ஸ்கெட்ச்அப்புடன் ஓப்பன்கட்லிஸ்ட் என்னும் இலவசத் துணைநிரலைச் சேர்த்துக்கொண்டால் பட்டியல் கிடைக்கும். எல்லாமே விலையின்றி வேண்டுவோர் ஃப்ரீகேட் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பழகலாம்.

முறை எளிது. அலமாரியை ஒரே உருவமாக வரையாமல், ஒவ்வொரு பலகையையும் தனி உறுப்பாக வரைந்து, பெயரிட்டு, இன்ன பொருள் என்றும் குறிக்க வேண்டும். மென்பொருள் ஒவ்வோர் உறுப்பையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்றைக் கட்டி, நீளம், அகலம், கனம் மூன்றையும் படித்துக்கொள்கிறது. ஒரே அளவுள்ளவற்றைச் சேர்த்து எண்ணுகிறது. இரண்டு பலகைகளை ஒன்றாக வரைந்தால் ஒன்றென்றே எண்ணும். படத்தின் மூலையில் மறந்துகிடக்கும் நகலையும் விடாமல் எண்ணும். படத்தில் உள்ளதை அது அறியும். நம் மனத்தில் உள்ளதை அறியாது.

எங்கள் முதற்படத்தில் உயரம் 1800, அகலம் 900, ஆழம் 300 மில்லிமீட்டர். சுவரோடு இரும்புக் கோணத்தால் பிணைப்பதாகையால் முதுகுப் பலகை இல்லை. வந்த பட்டியல் இரண்டே வரி:

பக்கப் பலகை: 1800 × 300; எண்ணிக்கை 2.
தட்டு (மேலும் கீழும் உட்பட): 864 × 300, எண்ணிக்கை 6.

தட்டு 900 ஆகாமல் 864 ஆனது ஏன்? இரு பக்கப் பலகைகளின் கனம் 36 போக மீதி அது. பக்கப் பலகையின் இருபுறமும் 1 மில்லிமீட்டர் மைக்கா ஒட்டினால் கனம் 20 ஆகும். தட்டும் 860 ஆகக் குறையும். மைக்காவைப் படத்தில் சேர்க்காவிட்டால் பட்டியல் அதைச் சொல்லாது.

பரப்புக் கணக்கு போதுமா?

எட்டடிக்கு நாலடிப் பலகை என்பது 2440 × 1220 மில்லிமீட்டர். அதன் பரப்பு 2.98 சதுர மீட்டர். நம் துண்டுகள் அனைத்தின் பரப்பு 2.64. பள்ளிக் கணக்கின்படி ஒரு பலகை போதும், மிச்சமும் உண்டு. ஆனால் அக்கணக்கில் இரண்டு செய்திகள் இல்லை.

முதலாவது, ரம்பம். ஒவ்வோர் அறுப்பிலும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பொடியாகப் போகிறது. தில்லித் தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டுச் ‘சூத்’ என்பர். நம் ஊர்த் தச்சர்கள் எட்டு ‘நூல்’ என்பர். சூத் என்றாலும் நூல்தான். ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர். ஆக, ஓர் அறுப்புக்கு ஏறக்குறைய ஒரு நூல் என்று நினைவில் வைக்கலாம். 300 அகலத்தில் நான்கு பட்டைகள் எடுக்க மூன்று அறுப்பு, மொத்தம் 1209. மீதி 11 மில்லிமீட்டர் அடிபட்ட ஓரத்தைச் சீவுவதற்கு உதவும்.

இரண்டாவது, ரேகை. ஒட்டுப்பலகையின் மேல்தாளில் ரேகை பெரும்பாலும் எட்டடி நீளத்தில் ஓடும். தட்டின் நீளத்தோடு ரேகை ஓடினால் தட்டு பாரம் தாங்கும். குறுக்கே ஓடினால் வலிமை குறையும். துண்டுகளைத் திருப்பலாமா கூடாதா என்று மென்பொருளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். நான் இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்தேன்.

திருப்பலாம் என்றபோது, ஒரே பலகை என்றது. பலகையை 1800இல் குறுக்கே அறுத்து, ஒருபுறம் பக்கப் பலகை இரண்டும் தட்டு நான்கும் படுக்கவைத்து, எஞ்சிய 637 அகலத்தில் தட்டு இரண்டை நிறுத்திவிட்டது. திருப்பக்கூடாது என்றபோது, இரண்டு பலகை என்றது. காரணம் தெளிவு. நான்கு பட்டைகளுள் இரண்டு பக்கப் பலகைகளுக்குப் போயின; அவற்றில் எஞ்சிய 637இல் 864 அடங்காது. மற்ற இரண்டு பட்டைகளில் இரண்டிரண்டாக நான்கு தட்டுகளே வரும்.

ஒரு பலகை காட்டிய படத்தைத் தச்சரிடம் நீட்டினேன். அவர் நிறுத்திவைத்த இரு தட்டுகளின்மேல் விரல் வைத்து, “இவை நடுவில் தொய்யும், பேட்டா. புத்தகம் சும்மா கனக்காது” என்றார். கைப்பணம் ஒரு பக்கம், தொய்யும் தட்டு ஒரு பக்கம். என் செய்வது?

பலகையும் மாறாது, ரேகையும் மாறாது. படம் மாறலாம் அல்லவா? ஒரு பட்டையில் மூன்று தட்டுகள் வரவேண்டுமானால், 2440இல் இரண்டு அறுப்புக்கு 6 போக, மூன்றால் வகுக்க 811 வரும். தட்டு அதற்குள் அடங்கினால் போதும். அலமாரியின் அகலத்தை 900இலிருந்து 800 ஆக்கினேன். தட்டு 764, மூன்று தட்டும் இரண்டு அறுப்பும் சேர்ந்து 2298. இரண்டு பட்டைகளில் ஆறு தட்டுகளும் ரேகை கெடாமல் வந்துவிட்டன. குட்டையான தட்டு தொய்வதும் குறைவு. நான்கு அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாக அகலத்தை விட்டுக்கொடுத்து, ஒரு முழுப் பலகையை மிச்சப்படுத்தினோம். பட்டியல் வரைபடத்தின் முடிவில் வரும் சீட்டு மட்டுமன்று. வரைபடத்தையே திருத்தவல்ல ஆசான் என்பதை இதனால் அறியலாம்.

கணிதம் கண்ட வழி

இக்கணக்கு எளியது போல் தோன்றினும் பெரிய அறிஞர்களை ஈர்த்தது. லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழில் அமைப்பொன்று எந்திரங்களின் வேலைப் பங்கீடு பற்றிக் கேட்ட கேள்வியிலிருந்து, கணித அறிஞர் கான்டொரோவிச் புதிய முறை ஒன்றை வகுத்தார். 1939இல் அவர் வெளியிட்ட நூலில், கழிவு குறைய வெட்டும் சிக்கலும் இடம்பெற்றது. 1975இல் பொருளியலுக்கான நோபல் பரிசை அவரும் கூப்மன்ஸும் பகிர்ந்துகொண்டனர். 1961இல் கில்மோரும் கோமொரியும் வெட்டுக் கணக்கிற்கு நடைமுறைக்கேற்ற வழி கண்டனர். துண்டுகள் பெருகப் பெருக அடுக்கும் வகைகள் எண்ணிலடங்காமல் பெருகும். ஆதலின் நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் பலவும் நல்ல விடையை விரைவில் தருமேயன்றி, மிகச் சிறந்த விடை என்று உறுதி கூறா. ‘இரண்டு பலகை’ என்று அது சொன்னால், பென்சிலை எடுத்து நாமும் ஒருமுறை பார்ப்பது நன்று.

நண்பர்களே, மேசையோ அலமாரியோ செய்விக்க நேர்ந்தால் நான்கு செய்திகளை மறவாதீர்கள். பலகையின் உண்மைக் கனத்தைக் கடையில் அளந்து படத்தில் இடுங்கள். ரம்பத்திற்கு 3 மில்லிமீட்டர் விடுங்கள். ரேகையின் திசையைக் குறியுங்கள். நான்காவதாக, பட்டியலைத் தச்சருக்குப் பழகிய அங்குலத்திலும் நூலிலும் பக்கத்தில் எழுதி, அறுக்குமுன் அவரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். அவர் ஒரு நொடி பார்த்துச் சொல்லும் சொல், பலகை ஒன்றின் விலை பெறும்.