ஆட்டிசமும் மறுவாழ்வுப் பணியாளரும்

சமூக நலத் திட்டங்களின் பயனை, திறக்கப்பட்ட மையங்களின் எண்ணிக்கையாலும் செலவிடப்பட்ட தொகையாலும் அளப்பது நிருவாக மரபு. சாலை, பாசனம் போன்ற துறைகளுக்கு இம்மரபு ஓரளவு பொருந்தும். மனிதரோடு மனிதர் பழகியே நடைபெற வேண்டிய பணிகளுக்கு அது போதாது. ஆட்டிசம் உள்ளோருக்குத் துணைநிற்கும் பணி இதற்குத் தக்க சான்றாகும். இப்பணியைச் செய்வோர் யாவர், அவர்கள் செய்வது என்ன, அதன் பயன் எங்கே விளைகிறது என்பவற்றை, திருவனந்தபுரத்தின் தென்பகுதியிலுள்ள கரமனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆட்டிசம் என்பது யாது?

மதியிறுக்கம் என்று தமிழில் வழங்கப்பெறும் ஆட்டிசம், மூளை வளர்ச்சியில் தோன்றும் ஒரு வேறுபாடு. பிறரோடு தொடர்பு கொள்வதில் இடர்ப்பாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தை ஏற்க இயலாமை, ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை இதன் இயல்புகள். சிலர் பேசுவதே இல்லை. சிலர் சரளமாகப் பேசியும் உரையாட இயலாது தவிப்பர். அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கேனர் என்ற மருத்துவர் 1943-ஆம் ஆண்டு 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையின் தொடக்கமாகப் பெரிதும் கருதப்படுகிறது. தாயின் அன்புக் குறைவே காரணம் என்ற கொள்கை அடுத்த இருபது, முப்பது ஆண்டுகள் செல்வாக்குடன் விளங்கிற்று. ஆய்வுகள் அதனைப் பின்னர் முற்றிலும் மறுத்துவிட்டன. எனினும் அப்பழி குடும்பங்களை விட்டு முழுமையாக நீங்கவில்லை. உலகில் 2021-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இது தொற்றும் நோயன்று. மருந்தால் நீக்கக் கூடியதும் அன்று. எனவே 'குணமாக்குதல்' இப்பணியின் குறிக்கோளாக இருக்க இயலாது. தன் தேவையைத் தெரிவித்தல், தன்னைப் பேணிக்கொள்ளுதல், கல்வி பெறுதல், இயன்ற தொழிலைச் செய்தல், இயன்றவரை தன் விருப்பப்படி வாழ்தல் ஆகியவற்றுக்கு வழி அமைப்பதே குறிக்கோள்.

கரமனையில் ஒரு கணக்கு

கரமனையாற்றின் கரையில் அமைந்த இப்பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இங்குள்ள அக்கிரகாரத் தெரு ஒன்றில், ஆட்டிசம் உள்ள நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் அவனுக்குப் பயிற்சி கிடைக்கிறது என்றும் கொள்வோம். வாரத்திற்கு 168 மணி. நாளொன்றுக்கு 11 மணி நேரம் உறக்கம் எனில், அவன் விழித்திருப்பது 91 மணி. அதில் பயிற்சி பெறுவது 2 மணி; அதாவது நூற்றுக்கு இரண்டு பங்கிற்குச் சற்றே கூடுதல். எஞ்சிய 89 மணி நேரமும் அவன் தாய், தந்தை, பாட்டி, அண்டை வீட்டார் ஆகியோரிடையே கழிகின்றது.

இக்கணக்கிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. பணியாளர் தம் இரண்டு மணியை மட்டும் நம்பினால் பயன் சிறிதே. அந்த 89 மணியின் ஒரு பகுதியையேனும் கற்கும் நேரமாக மாற்றும் ஆற்றலை வீட்டாருக்குக் கற்பித்தால் பயன் பன்மடங்காகும்.

இதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்கலாம். சிறுவனுக்குத் தாகம் எடுக்கிறது. அவன் பேசாமல் தாயின் மணிக்கட்டைப் பற்றி இழுத்துச் சென்று தண்ணீர்க் குடத்தின் மேல் வைக்கிறான். தாய் உடனே தண்ணீர் தருகிறாள். அன்புடைய செயல்தான், ஆயினும் அங்கே ஒரு வாய்ப்பு நழுவுகிறது. பயிற்சி பெற்ற பணியாளர், தாயைக் குழந்தையின் முகத்துக்கு நேரே அமரச் சொல்வார். சில விநாடிகள் காத்திருக்கச் சொல்வார். குழந்தை நிமிர்ந்து பார்த்தாலோ, கை நீட்டினாலோ, ஓர் ஒலி எழுப்பினாலோ, படம் வரைந்த அட்டையைத் தொட்டாலோ, அதனையே கேள்வியாக ஏற்று, ஒரே சொல்லைத் தெளிவாகச் சொல்லித் தண்ணீர் தரச் சொல்வார். அழவிட்டுக் காத்திருப்பது இம்முறை ஆகாது. குழந்தையின் பொறுமை எல்லை மீறுவதற்கு முன்பே தந்துவிட வேண்டும். இது நாளொன்றுக்குப் பத்துமுறை நிகழக் கூடியது. பாயில் அமர்ந்து நடத்தும் எந்தப் பாடத்திற்கும் இத்தனை வாய்ப்பு இல்லை.

எந்த மொழியில்?

'ஒரே சொல்' என்றவுடன் கரமனைக்கே உரிய ஒரு வினா எழுகிறது. வீட்டில் பாட்டி 'ஜலம்' என்பாள். தாய் 'தண்ணீர்' என்பாள். அங்கன்வாடியில் அது 'வெள்ளம்'. பயிற்சி அட்டையில் 'வாட்டர்'. தமிழில் பெருக்கைக் குறிக்கும் சொல் மலையாளத்தில் குடிநீரைக் குறிக்கின்றது. இந்நிலையில் வீட்டுமொழியை விட்டுவிடுங்கள் என்று பெற்றோர்க்கு அறிவுரை கூறுவது பல இடங்களில் வழக்கமாக இருந்துள்ளது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் இவ்வறிவுரைக்கு ஆதரவு அளிக்கவில்லை. இருமொழிச் சூழல் ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சியைத் தடுப்பதாக அவை காட்டவில்லை.

மொழியைக் கைவிடுவதால் வரும் இழப்போ வெளிப்படையானது. தமக்கு இயல்பல்லாத மொழியில் தாயும் பாட்டியும் குறைவாகவே பேசுவர். குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய 89 மணி நேரப் பேச்சு சுருங்கிவிடும். ஆகவே நல்ல பணியாளர் முதலில் வீட்டில் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்து, தொடக்கத்தில் அதனையே எல்லோரும் ஆளுமாறு செய்கிறார். அது நிலைபெற்ற பின் அங்கன்வாடிச் சொல்லை அதன் அருகே வைக்கிறார்.

திருவனந்தபுரத்தின் அனுபவம்

வீட்டையே பயிற்சிக் களமாகக் கொள்ளும் கருத்து திருவனந்தபுரத்திற்குப் புதிதன்று. குழந்தை நல மருத்துவர் எம்.கே.சி. நாயரின் முயற்சியால் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உருவான குழந்தை வளர்ச்சி மையம் இதற்கு முன்னோடி. அந்நகரின் பெயரையே தாங்கிய வளர்ச்சிக் கணிப்பு அட்டவணை 17 செயல்களை மட்டும் கொண்டது. பிறந்தது முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் களப்பணியாளரே சில நிமிடங்களில் கண்டறிய அது உதவுகிறது. ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையின் சிசுப் பராமரிப்புப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய 800 குழந்தைகளைக் கொண்டு இம்மையத்தினர் ஓர் ஆய்வு நடத்தி, 2009-இல் முடிவுகளை வெளியிட்டனர். தாய்மார்க்கு எளிய தூண்டல் பயிற்சிகள் கற்பிக்கப்பட்ட பிரிவில், குழந்தைகளின் வளர்ச்சி மதிப்பெண் மற்றப் பிரிவைவிட உயர்ந்திருந்தது. இவ்வாய்வு ஆட்டிசம் பற்றியதன்று. ஆயினும் தாயே சிறந்த பயிற்றுநராக இயங்க முடியும் என்பதற்கு அது சான்று.

1997-இல் தொடங்கப்பட்டு ஆக்குளத்தில் இயங்கும் தேசியப் பேச்சு செவிப்புல நிறுவனம், பேச்சுப் பயிற்சியாளர்களை உருவாக்குவதோடு ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் தொண்டாற்றி வருகிறது. இவ்விரு நிறுவனங்களும் நகரின் வடபகுதியில் உள்ளன. தென்பகுதியான கரமனையிலிருந்து குழந்தையை அழைத்துச் சென்று, காத்திருந்து, திரும்பி வர அரை நாள் கழியக்கூடும். கூட்டமும் இரைச்சலும் தாங்காத குழந்தைக்குப் பேருந்துப் பயணமே ஒரு துன்பம். வேலைக்குச் செல்லும் தாய்க்கு அந்த அரை நாள் ஊதிய இழப்பு. மையத்தில் கட்டணமே வாங்காவிடினும் குடும்பத்தின் இச்செலவு நீங்குவதில்லை; பலர் பயிற்சியை இடையில் நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது.

பணியாளரின் தகுதியும் பொறுப்பும்

சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், உளவியலாளர் ஆகியோர் இப்பணியில் ஈடுபடுகின்றனர். சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோரின் பயிற்சியை நெறிப்படுத்தவும் பதிவேடு பேணவும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் இயங்குகிறது. பதிவின்றி இத்தொழில்களை நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது.

இப்பதிவைப் பெற்றோர் கேட்டறிவது நலம். தேவை மிக்கும் வழங்கல் குறைந்தும் உள்ள அங்காடியில் போலிச் சரக்கு நுழையும் என்பது பொருளியலின் பால பாடம். முழுக் குணம் என்று உறுதி கூறுவோர் பெற்றோரின் சேமிப்பை எளிதில் கவர்ந்துவிடுகின்றனர். ஆட்டிசத்திற்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதன்று என்றும், அதனைப் பரப்புவது தொழில் ஒழுக்கக் கேடு என்றும் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. இத்தகைய செய்தியைக் குடும்பத்திற்கு எடுத்துரைப்பதும், பொய் நம்பிக்கைக்கும் வெறுங்கைக்கும் இடையே செய்யத்தக்க ஒன்றைக் காட்டுவதும் பணியாளரின் கடமைகள்.

பரவலாக்கும் வழி

தகுதி பெற்றோர் எல்லா ஊர்களுக்கும் போதுமான அளவில் விரைவில் உருவாக மாட்டார்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் இராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒரு வழியைக் காட்டுகிறது. அங்கே சிறப்புப் பட்டம் பெறாத நலப் பணியாளர்கள் பயிற்சி அளிக்கப்பெற்று, ஆறு மாதங்களில் 12 அமர்வுகளாகப் பெற்றோர்க்கு வழிகாட்டினர். பெற்றோர் குழந்தையின் போக்கிற்கு இசைந்து பதிலளிப்பதும், குழந்தை தானாகத் தொடங்கும் தொடர்பும் கூடின. எல்லா அளவுகோல்களிலும் முன்னேற்றம் கிட்டவில்லை என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். நிபுணர் மேற்பார்வையில் களப்பணியாளர் இயங்கினால் பலன் உண்டு. மேற்பார்வையை நீக்கினால் அதே பலனை எதிர்பார்க்க இயலாது.

சட்டமும் அலுவலரும்

1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் தனியாக இடம்பெறவில்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனை ஏற்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 40 கூறுகள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் சான்றிதழ் வழங்கப் பயன்படுகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளோர்க்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவையும் பயிற்சிச் செலவையும் ஏற்க வகுக்கப்பட்டது. வயது வந்தோருக்குச் சட்டக் காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு உண்டு. தமக்குப் பின் மகனைக் காப்பவர் யார் என்ற வினாவோடு முதுமையை எதிர்நோக்கும் பெற்றோருக்கு இவ்வேற்பாடு ஒரு பெரும் ஆறுதல்.

இவ்வுரிமைகள் குடும்பத்தைச் சென்றடைவது, விண்ணப்பத்தைப் பெறும் அலுவலரைப் பொறுத்தது. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தையை முரட்டுப் பிள்ளை என எண்ணாது, அமைதியான அறையில் முதலில் அழைத்து அனுப்பிவிடும் அலுவலரும் இப்பணியில் பங்கு கொள்பவரே.

முடிவுரை

பணியாளரின் பயனை, அவர் நடத்திய அமர்வுகளின் தொகையால் அளப்பது எளிது. அவர் இல்லாத நேரத்தில் அந்த வீட்டால் என்ன செய்ய முடிகிறது என்பதே உண்மையான அளவு. எனவே மாவட்ட அறிக்கைகளில் மையங்களின் எண்ணிக்கையோடு, பயிற்சி பெற்ற குடும்பங்களின் எண்ணிக்கை, இடையில் நின்றவர்களின் எண்ணிக்கை, வீட்டுக்குச் சென்று பார்த்த முறைகள் ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும். அக்கிரகாரத்துச் சிறுவன் குடத்தருகே நின்று, தன் வீட்டுச் சொல்லால் தண்ணீர் கேட்கும் நாளில், அங்கே பணியாளர் இருக்கமாட்டார். திட்டம் வெற்றி பெற்றது என்பதற்கு அதுவே அடையாளம்.