சுறாவுக்கு இரவில் போகிறவர்களுக்கு

ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் கோடை முழுக்கக் கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். பகலில் ஆள் நிற்க முடியாத வெயில். பொழுது சாய்ந்து படகு நடமாட்டம் ஓய்ந்ததும் சுறாக்கள் ஆழம் குறைந்த இடங்களுக்கு இரை தேடி வரும். டாம்பா, சரசோட்டா, போகா கிராண்ட் பக்கத்து வாடகைப் படகுகள் அந்த நேரத்துக்குத்தான் கிளம்புகின்றன. பெரும்பாலும் நாலு மணி நேரப் பயணம். தூண்டில், இரை எல்லாம் கேப்டன் பொறுப்பு. ஆர்லண்டோவுக்குப் பிள்ளைகளோடு வரும் நம்மவர்கள் இப்போது இதற்கும் ஒரு ராத்திரியை ஒதுக்குகிறார்கள். "அங்கிள், என்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று கேட்கிற ஒவ்வொரு தம்பிக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். நம்பர் போட்டிருக்கிறேனே தவிர எல்லாம் சம முக்கியம் இல்லை. ஆறாவதையும் எட்டாவதையும் மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. படகின் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஓட்டுகிற ஆளை விசாரியுங்கள். இந்தச் சின்ன வாடகைப் படகுகளில் கட்டணம் கொடுத்து வருகிறவர்கள் ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி. "நாங்க ஏழு பேர், ஒண்ணு சின்னப் பையன்தானே" என்று பேரம் பேசாதீர்கள். அந்தப் பேரத்துக்கு மசிகிற கேப்டன் இருட்டில் வேறு எதற்கெல்லாம் மசிவார் என்று யோசித்துப் பாருங்கள். மீன்பிடி லைசென்ஸ் உங்களுக்குத் தனியாக வேண்டாம், படகின் லைசென்ஸே போதும். போனில் ஒரு கேள்வி மட்டும் கட்டாயம் கேளுங்கள்: "பிடிச்ச சுறாவை எப்படி விடுவீங்க?" நிதானமாக விளக்குகிறவரை நம்பலாம். "அதெல்லாம் பாத்துக்கலாம், போன வாரம் மாட்டினது பத்தடி" என்று பேச்சை மாற்றுகிறவர் வேண்டாம்.

2. பகலில் வராத குமட்டல் ராத்திரியில் வரும். தொடுவானம் கண்ணுக்குத் தெரியாததால் உடம்புக்கு நிதானம் கிடைக்காது. மாத்திரை போடுகிறவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். இஞ்சி மரப்பா ஒத்துக்கொண்டால் அதையும் பையில் வையுங்கள். தலை சுற்றினால் கரை விளக்கைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். பிரியாணியை முடித்துக்கொண்டு நேராகப் படகுக்கு வருகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

3. நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று வாங்குங்கள், சிவப்பு ஒளி உள்ளதாக. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் பிடிக்கும். யாராவது ஒருத்தர் செல்போன் டார்ச்சை முகத்துக்கு நேரே அடித்தால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, நங்கூரம் போட்டபின் சுற்றிலும் தெரிகிற வெள்ளை விளக்கு. இதையும் தெரிந்துகொள்ளுங்கள். தூரத்தில் சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தால் அந்தப் படகு உங்களை நோக்கி வருகிறது என்று பொருள்.

4. "அமாவாசையா, பௌர்ணமியா, எது நல்லது?" என்று கேட்பதைவிட, நீர் எப்போது ஓடும் என்று கேளுங்கள். இரண்டு நாளிலும் ஏற்றவற்றம் பலமாகத்தான் இருக்கும். தீவுகளுக்கு நடுவே கடலும் விரிகுடாவும் சேரும் வாய்க்கால்களில் கேப்டன் நங்கூரம் போடுவார். மென்ஹேடன் என்கிற எண்ணெய் மீனை அரைத்து உறையவைத்த கட்டியை வலைப்பையில் போட்டுப் பின்பக்கம் தொங்கவிடுவார். நீர் ஓடினால்தான் அந்த வாடை போய்ச் சேரும். நீர் நின்றுவிட்ட நேரத்தில் இடத்தை மாற்றச் சொல்லி அவரை நச்சரிக்காதீர்கள்; சுண்டலைத் தின்றுகொண்டு சும்மா இருங்கள்.

5. இரை பெரும்பாலும் மடவை, சூரை, பாரை, இல்லாவிட்டால் திருக்கைத் துண்டு. முள், வட்டமாக உள்நோக்கி வளைந்த சர்க்கிள் ஹூக். மீன் இரை வைத்துச் சுறா பிடிக்கிறவர்கள் இந்த முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும், அதுவும் முனை பக்கவாட்டில் திருகாததாக, துருப்பிடிக்கக்கூடிய உலோகத்தில் இருக்க வேண்டும் என்று 2019 ஜூலையிலிருந்து ஃப்ளோரிடாவில் விதி. இந்த முள்ளுக்கு நம் ஊர்ப் பழக்கம் ஒத்துவராது. வெடுக்கென்று சுண்டி இழுத்தால் மீனின் வாயிலிருந்து முள் அப்படியே வெளியே வந்துவிடும்.

நடப்பது இப்படித்தான். ராடைத் தாங்கியில் வைத்து, ரீலில் கிளிக்கரைப் போட்டு வைத்திருப்பார்கள். முதலில் ஒன்றிரண்டு டிக், டிக். அது நண்டாக இருக்கலாம், கெளுத்தியாகவும் இருக்கலாம். பிறகு சத்தமே இருக்காது. சுறா இரையைக் கவ்வித் திரும்புகிற நேரம் அது. அடுத்து நூல் ஒரே சீராக ஓடத் தொடங்கும், டிக் டிக் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகிவிடும். அப்போதுதான் உங்கள் கை சுண்டி இழுக்கத் துடிக்கும். இழுக்காதீர்கள். கேப்டன் சொன்னதும் ரீலை இறுக்கிவிட்டு ராடைத் தாழ்வாகப் பிடித்துக் காத்திருங்கள். நூல் விறைத்து ராடு வளையும்போது முள் தானாக நழுவி வந்து வாயின் ஓரத்தில், தாடை மூட்டில் ஏறிக்கொள்ளும். அங்கே மாட்டினால் எடுப்பது சுலபம், சுறாவுக்கும் சேதம் குறைவு. தொண்டையில் மாட்டினால் இரண்டும் இல்லை.

6. மெல்லிய நூலில் பெரிய சுறாவை மணிக்கணக்காக ஆட்டி வைப்பதை வீரம் என்று சொல்கிறவர்களோடு சேராதீர்கள். கனமான ராடு, கனமான ரீல், முன்னால் பல்லுக்கும் தோலுக்கும் அறுபடாத இரும்புக் கம்பி, இடுப்பில் பெல்ட். இவை எல்லாம் சண்டையைச் சீக்கிரம் முடிக்கத்தான். நேரம் நீள நீளச் சுறாவின் தசையிலும் இரத்தத்திலும் அமிலம் சேரும். நீங்கள் விட்டதும் அது நீந்தித்தான் போகும், நீங்களும் கைதட்டுவீர்கள். கண்ணுக்கு மறைந்தபிறகு செத்து அடியில் விழுவதை யாரும் பார்ப்பதில்லை. இதில் மிகவும் பலவீனமானது சுத்தியல் போன்ற தலை உள்ள கொம்பன் சுறா. பார்த்தால் பயமுறுத்தும், ஆனால் தூண்டிலில் மாட்டிய அலுப்பை அதுபோல் தாங்க முடியாத சுறா இந்தக் கரையில் வேறில்லை. கொம்பன் மாட்டியது தெரிந்ததும் நூலை வெட்டச் சொல்கிற கேப்டன் இருந்தால் அவர் பேச்சை மறுக்காதீர்கள்.

போகா கிராண்ட் வாய்க்காலில் கோடைத் தொடக்கத்தில் டார்பன் மீன் கூட்டம் கூடும். அதைத் துரத்திக் கொம்பன்களும் வரும். 2006 மே மாதம் அங்கே பிடிபட்ட ஒரு கொம்பன் 1,280 பவுண்டு, ஏறக்குறைய 580 கிலோ. உலக சாதனை. சரசோட்டாவில் உள்ள மோட் கடல் ஆய்வகத்தில் அதை அறுத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள் 55 குட்டிகள், பிறக்கும் தருவாயில். அந்த ஆய்வகத்தைச் சுறா ஆராய்ச்சிக்காகவே வாழ்ந்த யூஜினி கிளார்க் 1955-இல் போகா கிராண்டுக்கு எதிர்க்கரையில், பிளாசிடாவில்தான் ஆரம்பித்தார் என்பது இன்னும் கசப்பான விஷயம். சாதனை என்பது எடைக் கணக்கு. எடை கூடுவது வயிறு நிறைந்த தாய்க்குத்தான். இதைத் தெரிந்துகொண்டபின் "பெருசா ஒண்ணு வேணும்" என்று கேப்டனிடம் சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கும் வரக்கூடாது.

7. இருட்டில் எல்லாச் சுறாவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சட்டம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஃப்ளோரிடா மாநிலக் கடலில், வளைகுடாப் பக்கம் கரையிலிருந்து 9 கடல் மைல் வரை, எலுமிச்சைச் சுறாவை 2010 முதலும், புலிச்சுறாவையும் மூன்று வகைக் கொம்பன்களையும் 2012 முதலும் வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொள்ளக்கூடியவற்றிலும் ஆளுக்கு நாளைக்கு ஒன்று, படகுக்கு மொத்தம் இரண்டு. காளைச்சுறா போன்ற பெரிய இனங்கள் மூக்கு நுனியிலிருந்து வாலின் கவை வரை 54 அங்குலம் இருந்தாக வேண்டும்.

அடையாளம் சொல்கிறேன். முதுகுத் துடுப்பு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவா? எலுமிச்சை. மூக்கு மழுங்கி, கண் சின்னதாக, உடம்பு தடித்திருந்தால் காளை. மூக்கடியில் மீசைபோல இரண்டு தொங்கினால் செவிலிச் சுறா, சாது. துடுப்பு நுனியெல்லாம் கறுத்து, அடிவயிற்றின் கடைசித் துடுப்பு மட்டும் வெள்ளையாக இருந்தால் கறுப்புநுனிச் சுறா. முதுகில் இரண்டு துடுப்புக்கும் நடுவே தழும்புபோல ஒரு மேடு ஓடினால் அது பெரும்பாலும் தடை செய்த இனம். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

வேளா மீனும் மாட்டலாம், நீண்ட ரம்ப மூக்கோடு. பட்டினப்பாலையில் பரதவர் சுறாக் கொம்பை நட்டு வழிபடுகிறார்களே, அது வேளாவின் கொம்பு என்பார்கள். நம் கரையில் அதைக் கண்ணால் பார்த்தவர்களே அருகிவிட்டார்கள். சார்லட் துறைமுக விரிகுடாவில் அதன் குட்டிகள் இன்னும் வளர்கின்றன. 2003-இலிருந்து, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் அமெரிக்கப் பட்டியலில் இருக்கிறது. மாட்டினால் தண்ணீரிலேயே வைத்து, முள்ளுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நூலை வெட்டுவதுதான் வழி. அந்த மூக்கின் வீச்சுக்குள் கையை நீட்டாதீர்கள்.

8. சுறா படகோரம் வந்த அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் இத்தனை பேச்சும். விளக்கைத் தாழ்த்தியதும் முதலில் கண் மின்னும். பிறகு தண்ணீருக்குள் வெளிறிய வயிறு புரளும். எல்லாரும் ஒரே பக்கம் ஓடிவந்து எட்டிப் பார்ப்பார்கள், படகு சாயும். ஒருவர் ராடு, ஒருவர் விளக்கு, மற்றவர்கள் நின்ற இடத்தில். கம்பியைக் கேப்டன்தான் பிடிப்பார், கையுறை போட்டு. நீங்கள் உதவி செய்வதாக நினைத்துக் கம்பியையோ நூலையோ கையில் சுற்றாதீர்கள். சுறா ஒரு திருப்பு திரும்பினால் விரல் போய்விடும்.

தடை செய்த இனத்தைப் படகுக்குள் தூக்கவே கூடாது. செவுள் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், போட்டோவுக்காக நேரம் கடத்தக்கூடாது. அப்படித்தான் விதி, அதுதான் நியாயமும். செவிலிச் சுறா அசையாமல் கிடந்தே தண்ணீரை உறிஞ்சி மூச்சுவிடும். கறுப்புநுனியும் கொம்பனும் நீந்தினால்தான் செவுளுக்குள் தண்ணீர் ஓடும். பிடித்து நிறுத்தினால் மூச்சை அடைத்தது மாதிரி. முள் சுலபமாக வராவிட்டால் வெட்டிவிட வேண்டும், அதற்கான கத்தரி படகில் இருப்பதும் சட்டப்படி கட்டாயம். மிச்சம் துருப்பிடித்து உதிரட்டும். படம் வேண்டுமென்றால் போனை முன்கூட்டியே கழுத்தில் மாட்டித் தயாராக வைத்திருங்கள். சுறா தண்ணீரிலிருந்தபடியே எடுத்த படம்தான் நல்ல படம்.

9. இடி. மேற்குக் கரையில் கோடை மாலை மழை திடீரென்று வரும். வானம் மின்னினால் ராடுகளைக் கீழே படுக்கவையுங்கள். கேப்டன் திரும்பலாம் என்றால் திரும்புங்கள். காசைப் பற்றிக் கரையில் பேசிக்கொள்ளலாம்.

10. கடைசியில் எல்லாரும் கேட்பது சுறாப்புட்டு. சட்டத்துக்கு உட்பட்ட கறுப்புநுனியோ மண்வெட்டித் தலை உள்ள சின்னச் சுறாவோ கிடைத்தால் தப்பில்லை. ஆனால் பிடித்த உடனே இரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, ஐஸில் புதைக்க வேண்டும். சுறா உடம்பில் யூரியா உண்டு. அசட்டையாக விட்டால் அம்மோனியா வாடை அடித்து எந்த மசாலாவிலும் போகாது. கரைக்கு வரும்வரை தலை, வால், துடுப்பு எதையும் வெட்டக்கூடாது.

இதில் நம் வீட்டுப் பெண்களுக்காக ஒன்று. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறா கொடுப்பது நம் வழக்கம். உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் மீன்களில் பாதரசம் சேர்கிறது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், குழந்தைகள் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சுறாவை வைத்திருக்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். மகளுக்குப் பிரசவம் பார்க்க வந்த அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

11. டிப்ஸ் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம். மீன் மாட்டாத ராத்திரிக்கும் அதே கணக்குதான். அவர் உழைப்பு குறைந்துவிடவில்லை.

12. ஒரு தடவை போய்வந்த ருசியில் அடுத்த வாரமே கடற்கரையில் தனியாகத் தூண்டில் போடலாம் என்று தோன்றும். கரையிலிருந்து சுறா பிடிப்பதற்கு ஃப்ளோரிடாவில் தனி அனுமதி வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அதற்கு முன் இணையத்தில் ஒரு பாடத்தை முடிக்க வேண்டும். கரையில் நின்று அரைத்த மீனைத் தண்ணீரில் கொட்டி வாடை காட்டவும் தடை. பாடமும் இலவசம், அனுமதியும் இலவசம். வாடகைப் படகில் போகிறவர்களுக்கு இந்தப் பாடம் கட்டாயமில்லை. ஆனாலும் படகு ஏறுவதற்கு முந்தின நாளே உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.