கெபாயா: ஒரு சொல்லின் பயணம்

முன்புறம் திறந்த மேற்சட்டை. அதை இணைக்கச் சங்கிலியால் கோக்கப்பட்ட மூன்று கெரோசாங் அணிகள். இடையை ஒட்டிய தையல். கீழே பாத்தேக் சாரோங். இவ்வுடையைக் கண்டதும் மலேசியரும் சிங்கப்பூரரும் 'கெபாயா' என்று சொல்லிவிடுவர். திருமண வீடுகளிலும் விமானப் பணிப்பெண்களின் சீருடையிலும் நாம் இதைப் பார்க்கிறோம். இன்று பெண்கள் அணியும் கச்சிதமான மேற்சட்டையின் பெயராக விளங்கும் இச்சொல், முற்காலத்தில் வேறோர் உடையைக் குறித்தது.

'கபா' என்னும் அரபுச் சொல்லே கெபாயாவின் மூலம் என்பது அறிஞர் பலரின் கருத்து. கபா என்பது முன்புறம் திறந்த நீண்ட அங்கி. அதைப் பெரும்பாலும் ஆண்களே அணிந்தனர். வணிகத்தோடும் அரசவைப் பழக்கங்களோடும் இச்சொல் பல நாடுகளுக்குப் பரவியது. விஜயநகர அரசவையினர் அத்தகைய அங்கியை அணிந்தனர். தமிழிலும் நீண்ட அங்கியைக் குறிக்கக் 'கபாய்' என்ற சொல் வழங்கியது. ஆசியாவுக்கு வந்த போர்த்துக்கீசியர் அதைக் 'கபாயா' என்றனர். 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய அவர்களின் வழியாகவே இச்சொல் மலாய் உலகில் நிலைபெற்றது என்பர்.

அப்படியானால், நீண்ட அங்கி எவ்வாறு கச்சிதமான சட்டையானது? பெரனாக்கான் சீனப் பெண்களான ஞோன்யாக்களின் உடை இதற்கு விளக்கம் தருகிறது. முன்பு அவர்கள் முழங்காலுக்குக் கீழே தொங்கும் தளர்ந்த 'பாஜு பாஞ்சாங்' அணிந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இளம்பெண்கள் குட்டையான கெபாயாவை விரும்பத் தொடங்கினர். மெல்லிய துணியும் தையல் இயந்திரமும் கைக்கு வந்தபோது, உடலுக்கு ஏற்ற வெட்டும் நுணுக்கமான பூவேலையும் எளிதாயின. மலாய்ப் பெண்களும் கெபாயாவைத் தங்கள் பாணியில் அணிந்தனர். தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டி சமூகத்துப் பெண்களும் அதைத் தங்கள் மரபுடையாக ஏற்றனர்.

ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு மாறுவது புதிதன்று. எள்ளிலிருந்து எடுத்த நெய்யே முதலில் 'எண்ணெய்' எனப்பட்டது. இன்று தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்றும் கூறுகிறோம். இங்கே பொருள் விரிந்தது. 'நாற்றம்' முன்பு நறுமணத்தையும் குறித்தது. இன்று தீய மணத்தை மட்டுமே குறிக்கிறது. இங்கே பொருள் சுருங்கியது. கெபாயாவிலோ, உடையின் நீளமும் அணிவோரும் மாறினாலும், முன்புறத் திறப்பு மட்டும் மாறவில்லை. பழைய அங்கியின் அடையாளமாக அது இன்றும் எஞ்சியிருக்கிறது.

கெபாயா எந்த நாட்டுக்கு உரியது என்ற கேள்வி அவ்வப்போது எழுவதுண்டு. அரபு மூலம், போர்த்துக்கீசிய உச்சரிப்பு, மலாய் வழக்கு, ஞோன்யாக்களின் பூவேலை எனப் பலரின் பங்கு அதில் கலந்திருப்பதால், ஒருவர் மட்டும் அதற்கு உரிமை கோருவது கடினம். இதை உணர்ந்த மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் கெபாயாவைக் கூட்டாக முன்மொழிந்தன. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ அதை மானுடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பலர் கை மாறி வந்த ஒன்றைப் பலரும் சேர்ந்து காப்பதே முறை என்பதை அந்த முடிவு காட்டுகிறது.