ஜித்தா எவ்வளவு தூரம்?

ரமலான் மாதத்தில் உம்ராவுக்குப் புறப்படும் சகோதரர்கள் பிரயாணச் சீட்டைப் பார்த்து மயங்குவதுண்டு. பிற்பகல் 2 மணிக்குச் சிங்கப்பூரை விட்டு, அன்று மாலை 6.30 மணிக்கு ஜித்தாவில் இறங்குவதாக அதில் கண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலரை மணி நேரப் பிரயாணந்தானா? அன்று. சாங்கி விமான நிலையத்திற்கும் ஜித்தா விமான நிலையத்திற்கும் நேர்வழித் தூரம் சுமார் 7,360 கிலோமீட்டர். அதாவது 4,570 மைல். இடையில் இறங்காத விமானத்திற்கு ஒன்பது முதல் பத்து மணி நேரம் பிடிக்கும். மிச்சம் ஐந்து மணி, இரண்டு ஊர்க் கடிகாரங்களின் வித்தியாசம்.

பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் ஏறக்குறைய 65 பாகை. ஆகவே சூரியக் கணக்கில் வித்தியாசம் நாலேகால் மணிக்குச் சற்றே கூடுதல். கடிகாரத்தில் ஐந்து மணியானது எப்படி? 1982-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிவைத்தன. நம் பள்ளிகளில் ளுஹர் பாங்கு ஒரு மணியளவில் கேட்பதும் இதனாலேதான்.

இனி நோன்புக்கு வருவோம். மேற்கே பறப்பவர் சூரியனைத் துரத்திக்கொண்டு போகிறார். சிங்கப்பூரில் ஏழேகால் மணிக்கு மஃரிபு ஆகி, வீட்டார் கஞ்சி குடித்திருப்பார்கள். விமானத்தில் இருப்பவர் சாளரத்தைத் திறந்தால் வெயில் முகத்தில் அடிக்கும். ஊர்க் கைக்கடிகாரத்தை நம்பி அவர் நோன்பைத் திறக்கலாகாது. தாம் இருக்கும் இடத்துச் சூரியன் மறையவேண்டும். மேலே உயரத்தில், கீழே தரையில் மறைந்த பின்னும் சில நிமிஷங்கள் சூரியன் தெரியும். அதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆக அன்றைய நோன்பு நாலு மணிக்கு மேல் நீளும்.

பிரயாணிக்குத்தான் சலுகை உண்டே என்பார்கள். உண்டு, அல்பகரா அத்தியாயம் 185-ஆம் வசனத்திலேயே இருக்கிறது. ஆனால் ஊரில் நோன்பு வைத்துவிட்டுப் பகலில் புறப்பட்டவர், பிரயாணத்தை மட்டும் காரணமாக்கி அன்றைய நோன்பை விடக்கூடாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் சட்டம். பஜ்ருக்கு முன்பே ஊரெல்லையைத் தாண்டியவர் விட்டுவிட்டுப் பின்னர் கழாச் செய்யலாம். உயிருக்கோ உடலுக்கோ கேடு வரும் நிலை வேறு. நீரிழிவு நோயுள்ள பெரியவர்கள் சீட்டு எடுக்குமுன்பே மருத்துவரையும் ஆலிமையும் கேட்டுக்கொள்வது நலம்.

திரும்பும் வழியில் இதற்கு நேர்மாறு. காலை 9 மணிக்கு ஜித்தாவை விட்டால், அவ்வூர்க் கடிகாரத்தில் மூன்றரை மணிக்கெல்லாம் வானில் இருட்டிவிடும். நேரம் குறைந்ததே என்று ஐயுறவேண்டாம். அதுவும் முழு நோன்பே.

இன்னொன்று. ஜித்தாவில் இறங்குமுன்பே விமானம் மீகாத் எல்லையைக் கடந்துவிடுகிறது என்பது ஆலிம்கள் பெரும்பாலோரின் கூற்று. நேரே மக்காவுக்குப் போகிறவர் வானிலேயே நிய்யத்து வைக்கவேண்டும். இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் போட்டுச் சரக்கோடு அனுப்பிவிட்டால், அந்நேரத்தில் அது கைக்கு எட்டாது. அதைக் கைப்பையில் வைத்துக்கொள்க.