ஐஸ்லாந்தில் பெண் கட்டினால் மாதம் 5,000 டாலரா?

"ஐஸ்லாந்தில் ஆண்களுக்குப் பஞ்சம். அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் வெளிநாட்டுக்காரருக்கு அரசு மாதம் 5,000 டாலர் தருகிறது." இந்த வாட்ஸ்அப் செய்தி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. மக்கள்தொகைப் பாடம் நடத்துபவன் என்பதால் "உண்மையா சார்?" என்ற கேள்வியும் கூடவே வரும். பொய். முழுப் பொய். 2016-லேயே இது வட ஆப்பிரிக்காவில் பரவி, ஐஸ்லாந்துப் பெண்களின் பேஸ்புக் பக்கங்களில் முன்பின் தெரியாதவர்களின் நட்பு அழைப்புகள் குவிந்தன. அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று அந்நாட்டு அரசு மறுத்தும், வதந்தி ஓயவில்லை.

முதலில் தலைக்கணக்கைப் பாருங்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே 4 லட்சத்துக்குள்தான். அதில் பெண்களைவிட ஆண்கள் பத்தாயிரத்துக்கும் மேல் அதிகம். கட்டட வேலைக்கும் மீன் ஆலைகளுக்கும் போலந்து முதலிய நாடுகளிலிருந்து ஆண்கள் வந்து சேர்ந்ததே இதற்கு முக்கியக் காரணம். இன்று அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வெளியிலிருந்து குடியேறியவர். ஆண் பஞ்சம் எங்கே இருக்கிறது?

பணக்கணக்கும் உதைக்கிறது. பத்தாயிரம் மாப்பிள்ளைகளுக்கு மாதம் 5,000 டாலர் என்றால் ஆண்டுக்கு 60 கோடி டாலர். ஐஸ்லாந்தின் ஓராண்டு மொத்த உற்பத்தியோ 3,000 கோடி டாலரைத் தாண்டும். அதில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கை எந்த நிதியமைச்சர் எடுத்துக் கொடுப்பார்? அங்கே பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேல் முறைப்படி மணமாகாத பெற்றோருக்குப் பிறப்பவை. அதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்குக் காசு கொடுக்க வேண்டிய தேவையே அந்த அரசுக்கு இல்லை. உண்மையாகவே அந்நாட்டவரை மணந்தவர்கூட விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, குடும்பம் நடத்த வருமானம் இருப்பதைக் காட்டித்தான் வசிப்புரிமை பெற வேண்டும். விசாவுக்காக நடத்தும் போலிக் கல்யாணத்துக்கு அந்த உரிமை கிடைக்காது.

ஐஸ்லாந்தைப் பற்றிய மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. நாடு முழுக்கப் பனியா? பனியாறுகள் மூடியிருப்பது சுமார் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத்தான். மீனை மட்டும் நம்பிப் பிழைக்கிறதா? ஒரு காலத்தில் அப்படி. இப்போது சுற்றுலாவும் அலுமினியமும் பெரும் வருமானம். அலுமினியத்துக்கான மூலப்பொருள் அந்த மண்ணில் கிடையாது, கப்பலில் வருகிறது. ஆறுகளிலிருந்தும் பூமிக்கடிச் சூட்டிலிருந்தும் மலிவாக மின்சாரம் கிடைப்பதால்தான் உருக்காலைகள் அங்கே போயின.

2008-இல் வங்கிகள் விழுந்தபோது 'கடனைக் கட்ட மாட்டோம்' என்று மக்கள் கைவிரித்து ஜெயித்துவிட்டார்கள் என்பதும் அரைகுறைக் கதை. 2010, 2011 வாக்கெடுப்புகளில் மக்கள் மறுத்தது, விழுந்த வங்கியொன்றில் தங்கள் மக்கள் போட்டிருந்த இணைய வைப்புநிதிகளை ஈடுசெய்த பிரிட்டனுக்கும் நெதர்லாந்துக்கும் அரசுப் பொறுப்பில் பணம் திருப்பும் ஒப்பந்தங்களை. ஆனாலும் அந்த வங்கியின் சொத்துகளிலிருந்தே அந்தத் தொகை பிற்பாடு தீர்க்கப்பட்டது. சர்வதேச நாணய நிதியத்திடம் 210 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. பணத்தை வெளியே கொண்டுபோகத் தடைகள் 2017 வரை நீடித்தன. அந்த வலியை விட்டுவிட்டு வீரக்கதை மட்டும் சொல்லாதீர்கள்.

வெளிநாட்டு வேலை தேடும் தம்பிகளுக்கு ஒன்று. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு, முதலில் வேலை கொடுக்கும் நிறுவனம் வேண்டும், பிறகு அனுமதி. 'ஐஸ்லாந்துக் கல்யாண விசா' என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

'ஆண் பஞ்சம்' போன்ற பொய்களை மாணவர்கள் தாங்களே பிடிக்க, பள்ளிக்கூடங்களுக்கும் ஒன்று. வயது, பால் வாரியாக மக்கள்தொகையைக் காட்டும் கூம்பு வரைபடத்தைப் பிளஸ் ஒன் மாணவர் அனைவருக்கும், கணக்குப் பிரிவா கலைப் பிரிவா என்று பாராமல், வரையவும் வாசிக்கவும் கற்றுக்கொடுங்கள். ஐஸ்லாந்துப் புள்ளியியல் அலுவலகம் தன் அட்டவணைகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பாடத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.